டெபியன் 13-க்கு மாறியதிலிருந்து ஸ்வாப் நிரம்பிக்கிட்டே போகுது, ஆனா எந்த ப்ராசஸும் வீங்கல

#1 கம்பிவலை

வணக்கம். 8 ஜிபி ராம், 4 ஜிபி ஸ்வாப் (ராம் பத்தாதப்போ டிஸ்க்குல ஒதுக்கின இடம்) உள்ள ஒரு விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்). ஒரு அச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல் அதுல ஓடுது. வாடிக்கையாளர் பிடிஎஃப் ஏத்துவாங்க. பைத்தான் ஒர்க்கர் நாலு இருக்கு, அதுங்க கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை (பிடிஎஃப்ஐப் படிக்கிற நிரல்) கூப்பிட்டு, மொத்தம் எத்தனை பக்கம், அதுல கலர் எத்தனைன்னு எண்ணி விலை போடும். பின்னாடி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். டெபியன் 12-ல ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிட்டிருந்த பெட்டி.

போன மாசம் 13-க்கு அப்கிரேட் பண்ணோம். அதுக்கப்புறம் ஸ்வாப் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. ஏறினது இறங்கவே மாட்டேங்குது. சில நாள்ல முழுசா நிரம்பிடும், ராத்திரி ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தா ஒரு ப்ராசஸைக் கொல்ற கெர்னல் பகுதி) வந்து போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் ஒண்ணைப் போட்டுத் தள்ளிடும். உடனே டேட்டாபேஸ் மொத்தமும் ரெக்கவரிக்குப் போகும், போர்ட்டல் படுத்துக்கும்.

ஒர்க்கர் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா எல்லாமே சட்டுனு காலியாயிடுது. அதனால மெமரி லீக் (பிடிச்ச மெமரியைத் திருப்பித் தராம இருக்கிறது) பைத்தான்லதான்னு நினைக்கிறேன். ஆனா டாப்ல பார்த்தா ஒவ்வொரு ஒர்க்கரும் 180 எம்பி பக்கம்தான் நிக்குது, காலைலயும் அதே, ராத்திரியும் அதே. பைத்தான் 3.11-லேருந்து 3.13-க்குப் போனதுல ஏதாவது மாறிடுச்சா?

இன்னொண்ணு, இதுக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. எப்பவாவது சில பிடிஎஃப்க்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் 'இடம் இல்லை'ன்னு திட்டிட்டு நின்னுடுது. டிஸ்க்குல 140 ஜிபி காலியா இருக்கு.

#2 ரூட்ராஜா

ப்ரோ, ஸ்வாப்பினஸை 10-க்கு இறக்குங்க. டிஃபால்ட் 60, சர்வருக்கு அது ரொம்ப அதிகம். அதோட கிரான்ல தினம் காலைல 4 மணிக்கு ஒர்க்கர் ரீஸ்டார்ட் போட்டுடுங்க. நம்ம ஆஃபீஸ்ல பாதி சர்வர் இப்படித்தான் ஓடுது 😄

#3 பழையமுனையம்

ரூட்ராஜா, அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

ஸ்வாப்பினஸ் என்பது ஒரு விகிதம். நினைவகம் நெருக்கும்போது, ப்ராசஸ்களின் சொந்தப் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளுவதா, டிஸ்க் கேஷை விடுவிப்பதா, இரண்டில் எது மலிவு என்று கெர்னலுக்குச் சொல்லும் எண். 5.8 கெர்னலிலிருந்து அது 0 முதல் 200 வரை போகும். 100 என்றால் இரண்டும் சமம். யாரோ நினைவகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள் என்றால் இந்த எண்ணை எங்கே வைத்தாலும் அவர்கள் விடப்போவதில்லை. ஓஓஎம் வரும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

கம்பிவலை, உங்கள் பதிவில் இரண்டு விஷயம் ஒன்றுக்கொன்று முரண்படுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் காலியாகிறது, ஆனால் ப்ராசஸ் வீங்கவில்லை. இரண்டும் உண்மையாக இருந்தால், அந்த நினைவகம் ஒர்க்கரின் கணக்கில் எழுதப்படாமல், ஒர்க்கர் உயிரோடு இருப்பதால் மட்டும் பிடிபட்டிருக்கிறது. பைத்தான் பதிப்பைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கீழே கேட்டதைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நிரம்பிய நிலையிலேயே எடுங்கள்.

ஃப்ரீ கட்டளையின் முழு வெளியீடு. விஎம்ஸ்டாட்டை ஒரு விநாடி இடைவெளியில் ஒரு பத்து வரி (முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி). /ப்ராக்/மெம்இன்ஃபோவில் அனான்பேஜஸ் (ப்ராசஸ்களின் சொந்தப் பக்கங்கள்), எஸ்எச்மெம் (பகிர்வு நினைவகம்), ஸ்லாப், எஸ்அன்ரிக்ளைம் (இவை இரண்டும் கெர்னலின் சொந்தச் செலவு) வரிகள். கடைசியாக, எல்லா ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பிலும் உள்ள விஎம்ஸ்வாப் (அந்த ப்ராசஸ் ஸ்வாப்பில் வைத்திருப்பது) வரிகளைக் கூட்டினால் எவ்வளவு வருகிறது.

ஓஓஎம் நடந்த இரவின் டிமெசேஜ் (கெர்னல் பதிவு) இருந்தால் அதையும் போடுங்கள். அதில் கொலை செய்தி ஒரு வரிதான். அதற்கு மேலே உள்ள நீளமான பட்டியலில்தான் விஷயம் இருக்கும், பலர் அதை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள்.

#4 நெட்வொர்க்நாச்சி

நடுவுல ஒரு கேள்வி. ஸ்வாப்பையே எடுத்துட்டா என்ன? கிளவுட்ல நிறைய இமேஜ் ஸ்வாப் இல்லாமத்தான் வருது. "ராம் போல ரெண்டு மடங்கு ஸ்வாப்"ங்கிறதெல்லாம் 64 எம்பி காலத்துக் கணக்கு இல்லையா?

#5 பழையமுனையம்

இரண்டு மடங்கு கணக்கு காலாவதியானது, சரி. அதற்காக ஸ்வாப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு சர்வீஸ் துவங்கும்போது ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு பிறகு திரும்பியே பார்க்காத பக்கங்கள் எல்லாப் பெட்டியிலும் நிறைய இருக்கும். ஸ்வாப் இருந்தால் அவை அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், ராம் டிஸ்க் கேஷுக்குக் கிடைக்கும். ஸ்வாப் இல்லாவிட்டால் அவை ராமிலேயே உட்கார்ந்திருக்கும், கெர்னல் கேஷைத்தான் பிய்த்து எறிய வேண்டும். நெருக்கடி முற்றும்போது அந்தக் கேஷில் நிரல்களின் சொந்தக் கோடும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்வாப்பே இல்லாத பெட்டி ஓஓஎம்முக்கு முன்னால் பல நிமிடம் டிஸ்க்கை அரைத்துக்கொண்டு உறைந்து நிற்பது அதனால்தான்.

அதே மாதிரி ஸ்வாப்பில் 2 ஜிபி 'யூஸ்டு' என்று பார்த்ததும் பயப்படவும் வேண்டாம். அது எப்போதோ ஒரு நெருக்கடியில் போன பக்கமாக இருக்கலாம். யாரும் தொடாதவரை அங்கேயே இருக்கும். விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டு பத்தியும் தொடர்ந்து பெரிய எண்ணாக ஓடினால்தான் பெட்டி தவிக்கிறது.

#6 மூன்றாம்ஷிப்ட்

இழையைத் திருப்பறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஜாவா சர்வீஸ், ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கிற மெமரி) 2 ஜிபின்னு கட்டிப் போட்டிருக்கேன், ஆனா ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் ராம்ல நிஜமா பிடிச்சிருக்கிறது) 3.6 ஜிபி வரை போகுது. ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. 8 கோர் மிஷின்.

#7 பழையமுனையம்

உங்களுடையது வேறு ஜாதி. பீமேப் (ப்ராசஸின் நினைவக வரைபடம்) எடுத்துப் பாருங்கள். 65536 கேபி அளவில், அல்லது இரண்டாகப் பிளந்து கூட்டினால் அந்த அளவு வரும்படி, அடுக்கடுக்காக அனானிமஸ் துண்டுகள் தெரிந்தால் அது ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மல்லாக் அரீனா (நினைவகம் ஒதுக்கும் தனித் தொகுதி). த்ரெட்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க அது தனித்தனி அரீனா திறக்கும். 64 பிட்டில் உச்சவரம்பு கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு. உங்களுக்கு 64 அரீனா. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சின்னத் துண்டு உயிரோடு இருந்தால்கூட சுற்றியுள்ள காலி இடம் சிஸ்டத்துக்குத் திரும்பாமல் மாட்டிக்கொள்ளலாம். இதை லீக் என்று சொல்ல மாட்டேன். ஓர் உயரத்துக்குப் போய் அங்கே தட்டையாக நிற்கும்.

மல்லாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. குறையாவிட்டால் ஜேவிஎம்மை நேட்டிவ் மெமரி ட்ராக்கிங் சம்மரியோடு துவக்கி, ஜேசிஎம்டியில் த்ரெட், கிளாஸ், கோட் பகுதிகளைப் பாருங்கள். ஜாவா என்றால் ஹீப் மட்டும் கிடையாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக் இருக்கிறது, மெட்டாஸ்பேஸ் இருக்கிறது, டைரக்ட் பஃபர் இருக்கிறது. மேலும் பேச வேண்டுமானால் தனி இழை திறங்கள், இங்கே குழம்பிவிடும்.

#8 கம்பிவலை

எடுத்துட்டேன். இப்ப ஸ்வாப் முக்கால்வாசி நிரம்பின நிலை.

ஃப்ரீ: மொத்தம் 7.8ஜி. ஷேர்ட் 1.3ஜி. ஸ்வாப் மொத்தம் 4.0ஜி, யூஸ்டு 3.1ஜி.
மெம்இன்ஃபோ: அனான்பேஜஸ் 2.9ஜி. எஸ்எச்மெம் 1.3ஜி. ஸ்லாப் 310 எம்பி, எஸ்அன்ரிக்ளைம் 95 எம்பி.
விஎம்ஸ்டாட்: எஸ்ஐ எல்லா வரியிலும் 0. எஸ்ஓ பெரும்பாலும் 0, நடுவுல ரெண்டு வரில மட்டும் சில நூறு.
விஎம்ஸ்வாப் கூட்டல்: எல்லா ப்ராசஸும் சேர்த்து 480 எம்பி.

கடைசி எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ரூட்டாத்தான் ஓட்டினேன். 3.1 ஜிபி ஸ்வாப்ல 480 எம்பிக்குத்தான் ஆள் இருக்கு. மீதி 2.6 ஜிபி யாருது?

ஓஓஎம் ராத்திரி டிமெசேஜ்ல ஃப்ரீ ஸ்வாப் 0 கேபி. அதுக்கு மேல எஸ்எச்மெம்: 301000ன்னு இருக்கு. எந்த யூனிட்னு தெரியல. ஒர்க்கர்களோட ஆர்எஸ்எஸ் அப்பவும் சாதாரணமாத்தான் இருந்திருக்கு.

#9 பூட்டுசாவி

நான் இந்தத் துறைக்குப் புதுசு. ஒர்க்கரை வால்க்ரைண்ட்ல ஓட்டிப் பார்க்கலாமே, லீக்னா அதைத்தானே எல்லாரும் சொல்றாங்க? இல்லாட்டி பைத்தான்லயே ட்ரேஸ்மல்லாக் இருக்கு.

#10 பழையமுனையம்

பூட்டுசாவி, நல்ல கருவிகள், இங்கே நேரம் வரவில்லை. வால்க்ரைண்டின் மெம்செக் சாதாரண வேகத்தை விட 20, 30 மடங்கு மெதுவாக ஓட்டும். லைவ் போர்ட்டலில் அதைப் போட்டால் அச்சகக்காரர் போனிலேயே அடிப்பார். அதை விட முக்கியம், இரண்டும் ப்ராசஸின் ஹீப்புக்குள் தேடும் கருவிகள். ஹீப் வளரவே இல்லை என்று ஆர்எஸ்எஸ் சொல்லிவிட்டது. ட்ரேஸ்மல்லாக் (பைத்தான் 3.4 முதல் உண்டு) பைத்தானின் அலொகேட்டர் வழியாகப் போனதைத்தான் எண்ணும். வெளியே ஒரு கோப்பு 4 எம்பி பிடித்தால், அதன் கணக்கில் அந்தக் கோப்பு ஆப்ஜெக்ட்டின் சொற்ப பைட்டுகள் மட்டும்தான்.

கம்பிவலை, 2.6 ஜிபி யாருடையது என்று கேட்டீர்களே, இந்த இழையில் கேட்கப்பட்ட சரியான கேள்வி அதுதான்.

விஎம்ஸ்வாப் வரி ப்ராசஸின் சொந்த அனானிமஸ் பக்கங்களை மட்டும் எண்ணும். பகிர்வு நினைவகம் ஸ்வாப்புக்குப் போனால் அதில் வராது, ப்ராக்கின் மேனுவல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, ஸ்வாப்பில் இருக்கிறது, ஆனால் எந்த ப்ராசஸின் விஎம்ஸ்வாப்பிலும் இல்லை என்றால், கை முதலில் போக வேண்டிய இடம் எஸ்எச்மெம். டெம்ப்எஃப்எஸ்ஸில் (டிஸ்க்கில் இல்லாமல் நினைவகத்தில் இருக்கும் கோப்பு அமைப்பு) உள்ள கோப்புகளும் அந்தக் கணக்குதான்.

டிமெசேஜில் அந்த 301000 பக்க எண்ணிக்கை. ஒரு பக்கம் 4 கேபி, கிட்டத்தட்ட 1.2 ஜிபி. மெம்இன்ஃபோவின் எஸ்எச்மெம்மும் சரி, இதுவும் சரி, ராமில் இப்போது இருப்பதை மட்டும்தான் சொல்லும். ஸ்வாப்புக்குப் போனதும் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். அதனால் 1.3 ஜிபி சின்னதாகத் தெரிந்தது. அதில் கொஞ்சம் போஸ்ட்கிரெஸ்ஸின் ஷேர்ட் பஃபர். மீதிக்கு ஸ்வாப்பில் இருக்கும் 2.6-ஐயும் கூட்டுங்கள்.

இப்போது உங்கள் முதல் பதிவின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். டிஸ்க்கில் 140 ஜிபி காலி, ஆனால் 'இடம் இல்லை'. எந்த டைரக்டரியில் இடம் இல்லை?

டிஎஃப் கட்டளையை டெம்ப்எஃப்எஸ் வகைக்கு மட்டும் ஓட்டுங்கள். பிறகு ரூட்டாக /டெம்ப் மேல் டியூ. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

#11 வன்னிக்காத்து

நான் வேலையிலை ஃப்ரீபிஎஸ்டிதான் பாவிக்கிறன், அதாலை ஒரு சின்னக் குறிப்பு. இஞ்சயும் இதே கூத்து நடக்கும், பேர்கள்தான் வேறை. டாப்பை டபிள்யூ சுவிட்சோடை ஓட்டினால் ஒவ்வொரு ப்ராசஸும் எவ்வளவு ஸ்வாப் பிடிச்சிருக்கெண்டு உத்தேசமாக் காட்டும். மொத்தம் ஸ்வாப்இன்ஃபோவிலை வரும். ரெண்டுக்கும் இடையிலை பெரிய பள்ளம் எண்டால் நானும் முதல்லை டெம்ப்எஃப்எஸ்ஸைத்தான் பாப்பன். எங்கட ஆக்கள் அளவு குறிக்காமல் மவுண்ட் பண்ணுவினம். அப்பிடிச் செய்தால் ராமும் ஸ்வாப்பும் சேர்ந்து மிச்சமிருக்கிற முழுசையும் அது எடுக்கலாம். லினக்ஸிலை பாதி ராமோடையாவது நிக்கும்.

இன்னொரு பொறி இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பு. அதின்ரை ஏஆர்சி கேஷ் ஃப்ரீபிஎஸ்டி டாப்பிலை 'வயர்ட்' கணக்குக்குள்ளை இருக்கும், ஆனால் அதுக்கெண்டு தனி வரியும் உண்டு. லினக்ஸிலை இசட்எஃப்எஸ் போட்டால் ஃப்ரீ கட்டளை அதைக் கேஷ் எண்டு சொல்லாது, யூஸ்டு எண்டுதான் சொல்லும். புதுசாப் பாக்கிற ஆள் லீக் எண்டு பதறும். கம்பிவலை, உங்களிட்டை இசட்எஃப்எஸ் இல்லைத்தானே?

#12 கம்பிவலை

இல்ல அண்ணா, சாதா எக்ஸ்ட்4தான்.

பழையமுனையம் சார், பார்த்துட்டேன், ஆடிப்போயிட்டேன்.

டிஎஃப்: டெம்ப்எஃப்எஸ், அளவு 3.9ஜி, யூஸ்டு 3.7ஜி, மவுண்ட் ஆன இடம் /டெம்ப்.
டியூ: /டெம்ப் மொத்தம் 41 எம்பி.

/டெம்ப் எப்போ டெம்ப்எஃப்எஸ் ஆச்சு? எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பட்டியல்) அப்படி ஒரு வரியே இல்லையே. 3.7 ஜிபி எங்க, 41 எம்பி எங்க?

#13 ரூட்ராஜா

அட. டெபியன் 13 ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கு, இப்பத்தான் போய்ப் பார்த்தேன். இந்தப் பதிப்புலேருந்து /டெம்ப் டிஃபால்ட்டா டெம்ப்எஃப்எஸ், ராம்ல 50 சதவீதம் வரை எடுத்துக்கும். பழசுலேருந்து அப்கிரேட் பண்ணவங்களுக்கும் சேர்த்து. எஃப்எஸ்டேப்ல தேடினா கிடைக்காது, சிஸ்டம்டியோட (சர்வீஸ்களைத் துவக்கி நடத்துறது) டெம்ப்.மவுண்ட் யூனிட்தான் ஏத்துது. ஃபெடோரால இது 2013-லயே 18-ஆம் பதிப்புல வந்தாச்சு.

வேணாம்னா டெம்ப்.மவுண்டை மாஸ்க் பண்ணிட்டு (ஓடவிடாம அடைச்சுட்டு) ரீபூட் பண்ணா /டெம்ப் பழையபடி டிஸ்க்குக்குப் போயிடும். மேட்டர் முடிஞ்சது.

#14 பழையமுனையம்

முடியவில்லை. 3.7 ஜிபிக்கும் 41 எம்பிக்கும் நடுவில் உள்ளதை யார் எழுதியது? மாஸ்க் செய்தால் அதே குப்பை டிஸ்க்கில் சேரும், அவ்வளவுதான்.

டிஎஃப் கோப்பு அமைப்பிடம் கேட்கிறது. டியூ டைரக்டரியில் பெயர் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக நடந்து எண்ணுகிறது. பெயர் அழிந்து, ஆனால் ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும் கோப்பு டிஎஃப்பில் வரும், டியூவில் வராது. எல்எஸ்ஓஎஃப்பை ப்ளஸ் எல்1 என்ற சுவிட்சோடு ரூட்டாக ஓட்டுங்கள். லிங்க் எண்ணிக்கை 0 ஆன, ஆனாலும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் காட்டும்.

அது ஏன் டாப்பில் தெரியவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ராசஸ் கோப்பில் ரைட் அழைப்பால் எழுதும்போது அந்தப் பக்கங்கள் கோப்புக்குச் சொந்தம். ப்ராசஸ் அவற்றை எம்மேப் செய்திருந்தால்தான் (தன் முகவரி வெளியில் இணைத்திருந்தால்தான்) அதன் ஆர்எஸ்எஸ்ஸில் ஏறும். ஓஓஎம் கில்லரும் ஆளைத் தேர்ந்தெடுக்க ஆர்எஸ்எஸ், ஸ்வாப், பேஜ் டேபிள் மூன்றையும்தான் பார்க்கிறது. ஒர்க்கர் அதன் கண்ணுக்கு 180 எம்பி சாது. போஸ்ட்கிரெஸ் பெரியதாகத் தெரிந்தது, மாட்டிக்கொண்டது. அதைக் கொன்றும் டெம்ப்எஃப்எஸ்ஸில் ஒரு பைட் கூடக் குறையாது.

#15 கம்பிவலை

ஓட்டினேன். வரி வரியா ஓடிச்சு, நிறுத்தவே முடியல. நாலு ஒர்க்கரும் ஆளுக்கு 260 கோப்பு பக்கம் வச்சிருக்கு. எல்லாமே /டெம்ப்/#, அதுக்குப் பின்னாடி ஒரு நம்பர், கடைசில 'டெலிட்டட்'. ஒவ்வொண்ணும் 3 எம்பி, 4 எம்பி, சிலது 11 எம்பி.

இதுல ஒண்ணை எடுத்துப் பார்க்க வழி இருக்கா? பேரே இல்லையே.

#16 பழையமுனையம்

பெயர் இல்லாவிட்டால் என்ன, கைப்பிடி இருக்கிறது. /ப்ராக் கீழே அந்த ஒர்க்கரின் பிஐடி, அதற்குள் எஃப்டி (திறந்த கோப்புகளின் கைப்பிடி எண்) டைரக்டரி. எல்எஸ்ஓஎஃப் காட்டிய எஃப்டி எண்ணில் அங்கே ஒரு இணைப்பு இருக்கும். அதை சாதாரணமாக சிபி செய்து வேறு இடத்தில் வையுங்கள், முழுக் கோப்பும் வந்துவிடும். நான்கைந்து எடுத்துத் திறந்து பாருங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று.

# போட்டு ஒரு எண் வருவதை வைத்துச் சொல்கிறேன், பைத்தானின் டெம்ப்ஃபைல் மாட்யூலில் டெம்பரரிஃபைல் பயன்படுத்துகிறீர்கள். லினக்ஸில் அது ஓ_டெம்ப்ஃபைல் கொடியோடு பிறக்கும்போதே பெயரில்லாமல் பிறக்கும். குளோஸ் செய்தால், அல்லது அந்த ஆப்ஜெக்ட்டை யாரும் பிடித்திருக்காவிட்டால், தானாக மறைந்துவிடும். மறையவில்லை என்றால் கோடில் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

#17 கம்பிவலை

கிடைச்சுடுச்சு!

வெளிய எடுத்த எல்லாமே பிடிஎஃப். திறந்தா பாஸ்வேர்டு கேக்குது, இல்லாட்டி பாதில வெட்டுப்பட்டுக் கிடக்கு. நல்ல பிடிஎஃப் ஒண்ணுகூட இல்ல.

கோடைப் பார்த்தேன். ஒர்க்கர்ல ஒரு டிக்ஷனரி இருக்கு. ஆர்டர் நம்பரைச் சாவியா வச்சு, ஏத்தின பிடிஎஃப்போட டெம்பரரிஃபைல் ஆப்ஜெக்ட்டை அதுல போடுது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு தடவை தவறினா மறுபடி முயற்சி பண்ண. வேலை முடிஞ்சா அதை எடுத்துடுது. மூணாவது தடவையும் தவறினா எக்செப்ஷன் எறிஞ்சு லாக் எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுது, டிக்ஷனரியைத் தொடறதே இல்ல. பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் எத்தனை தடவை பண்ணாலும் தவறத்தான் செய்யும். அதனால அதுமாதிரி ஒண்ணு வந்தா ஒர்க்கர் சாகிற வரைக்கும் அங்கேயே.

இந்தக் கோடு டெபியன் 12 காலத்துலேருந்தே இப்படியேதான் இருக்கு. அப்ப ஏன் வரல?

#18 நெட்வொர்க்நாச்சி

அப்பவும் வந்திருக்கும், யாரும் பார்க்கல. /டெம்ப் டிஸ்க்குல இருந்துச்சு, 140 ஜிபி காலி. மூணு நாலு ஜிபி பெயரில்லாக் கோப்பு அங்க கிடந்தா யாருக்குத் தெரியும்? டெப்ளாய் பண்ணும்போதெல்லாம் ஒர்க்கர் ரீஸ்டார்ட் ஆகி சுத்தமாயிருக்கும்.

#19 கம்பிவலை

ஆமாங்க, வாராவாரம் டெப்ளாய் உண்டு.

#20 பூட்டுசாவி

பைத்தான் ரிசோர்ஸ்வார்னிங் கொடுத்திருக்கணுமே? குளோஸ் பண்ணாத ஃபைலுக்கு வரும்னு படிச்சிருக்கேன். அப்புறம் எஃப்டி லிமிட் 1024 தானே, அதுல ஏன் முட்டல?

#21 பழையமுனையம்

இரண்டும் நல்ல கேள்வி.

ரிசோர்ஸ்வார்னிங் கோப்பு ஆப்ஜெக்ட் குளோஸ் ஆகாமலே அழியும்போது வருவது. இங்கே அது அழியவே இல்லை, டிக்ஷனரியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தவிர அந்த எச்சரிக்கை டிஃபால்ட்டாக அணைந்துதான் இருக்கும்.

லிமிட் ப்ராசஸுக்குத் தனித்தனி. ஆளுக்கு 260 வைத்திருந்தால் 1024-ல் முட்ட இன்னும் தூரம் இருக்கிறது. நாலு பேரும் சேர்ந்து 3.9 ஜிபியில் அதற்கு முன்பே முட்டுகிறார்கள், இல்லாவிட்டால் ஸ்வாப் தீர்ந்து ஓஓஎம் வருகிறது. பிடிஎஃப் எல்லாம் 100 கேபி அளவில் இருந்திருந்தால் கதையே வேறு: நினைவகம் குறையாது, ஒரு நாள் 'திறந்த கோப்புகள் அதிகம்' என்ற பிழை வந்து ஒர்க்கர் நின்றிருக்கும், யாரும் நினைவகத்தின் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

டெபியன் இப்போது /டெம்ப்பில் பழைய கோப்புகளை நாள் கணக்கில் துடைக்கிறதே, அது உதவாதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். உதவாது. அது டைரக்டரியில் பெயரைத் தேடித் துடைப்பது. இவற்றுக்குப் பெயர் இல்லை. அப்கிரேட் ஆன பெட்டிகளில் அந்தத் துடைப்பு பழைய வழக்கப்படியே விடப்பட்டிருக்கும் என்பது வேறு.

கம்பிவலை, செய்ய வேண்டியது என் வரிசைப்படி. கோடைத் திருத்துவது முதல் வேலை: மூன்றாவது தோல்வியிலும் டிக்ஷனரியிலிருந்து எடுத்து குளோஸ் செய்யுங்கள், ஃபைனலியில் வைத்துவிட்டால் எந்த வழியாக வெளியேறினாலும் நடக்கும். பாஸ்வேர்டு உள்ள பிடிஎஃப்பை மறுமுயற்சிக்கே அனுப்பாமல் வாடிக்கையாளரிடம் திருப்பிவிடுவது இன்னும் நல்லது. அடுத்து, ஒர்க்கர் யூனிட்டில் டெம்ப்டிர் சூழல் மாறியை /வார்/டெம்ப் கீழே ஒரு டைரக்டரிக்குத் திருப்புங்கள். பைத்தானும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டும் அதை மதிக்கும். பிடிஎஃப் மாதிரிப் பெரிய கோப்புக்கு ராம் இடமல்ல. டெம்ப்.மவுண்டை மாஸ்க் செய்ய வேண்டிய தேவை அப்புறம் இருக்காது, சின்னச் சின்ன லாக் கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் டெம்ப்எஃப்எஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று இரவே போர்ட்டல் நிற்கும் போலிருந்தால், ரீஸ்டார்ட் செய்யாமலும் இடம் மீட்கலாம். அதே எஃப்டி இணைப்பை நீளம் 0 ஆக வெட்டினால் பக்கங்கள் உடனே விடுதலை. தோற்றுப்போன ஆர்டரின் கோப்பு என்று உறுதியாகத் தெரிந்ததில் மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் கோப்பை வெட்டினால் வாடிக்கையாளரின் பிடிஎஃப் காலி.

#22 வன்னிக்காத்து

நான் ஒண்டு கேக்கட்டே? சிஸ்டம்டி இருக்கிற பெட்டியிலை இவ்வளவு சுத்த வேண்டி இருந்ததோ? சிகுரூப் (ப்ராசஸுகளைக் குழுவாக் கட்டி வைக்கிற கெர்னல் வசதி) கணக்கிலை இது தெரியாதோ?

#23 பழையமுனையம்

தெரியும். அதை முதலிலேயே கேட்டிருந்தால் இழை பாதியாகியிருக்கும். சிகுரூப் 2-ல் டெம்ப்எஃப்எஸ் பக்கம் அதை முதலில் தொட்ட குழுவின் கணக்கில் ஏறும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் ஒர்க்கர் சர்வீஸைப் பார்த்தால் 'மெமரி' வரியில் ஸ்வாப்போடு சேர்த்துக் காட்டும். கம்பிவலை, ரீஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பார்த்துச் சொல்லுங்கள். குழுவின் மெமரி.ஸ்டாட் கோப்பில் அனான், ஃபைல், எஸ்எச்மெம் என்று பிரித்தே இருக்கும். எஸ்எச்மெம் வரி பெரிதாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை.

இதன் இன்னொரு பயன்: அந்த யூனிட்டுக்கு மெமரிமேக்ஸ், மெமரிஸ்வாப்மேக்ஸ் இரண்டையும் வைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் வைத்தால் மற்றதில் வழியும். அடுத்த தடவை இப்படி ஏதாவது நடந்தால் ஓஓஎம் அந்தக் குழுவுக்குள்ளேயே முடியும், ஒர்க்கர் சாகும், அதன் எஃப்டிகள் மூடும், இடம் திரும்பும். போஸ்ட்கிரெஸ் பக்கம் போகாது.

#24 கம்பிவலை

பார்த்தேன்: மெமரி 1.9ஜி, ஸ்வாப் 2.7ஜி. மெமரி.ஸ்டாட்ல எஸ்எச்மெம் 1.1ஜி. சார் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துது.

கோடைத் திருத்தி, டெம்ப்டிரை மாத்தி, ரெண்டு லிமிட்டும் போட்டு டெப்ளாய் பண்ணிட்டேன். பாஸ்வேர்டு பிடிஎஃப்ஐ வேணும்னே வரிசையா ஏத்திப் பார்த்தேன், எல்எஸ்ஓஎஃப்ல ஒண்ணும் தங்கல. டிஎஃப்ல /டெம்ப் 12 எம்பி.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்வாப்ல இன்னும் 440 எம்பி யூஸ்டுன்னே நிக்குது. ஸ்வாப்ஆஃப் பண்ணி ஆன் பண்ணி சுத்தப்படுத்தட்டுமா?

#25 பழையமுனையம்

எதற்கு? விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ 0 என்றால் அந்த 440 எம்பியை யாரும் கேட்கவில்லை என்று பொருள். ஸ்வாப்ஆஃப் செய்தால் கெர்னல் அத்தனையையும் ராமுக்கு இழுத்து வரும், அந்த இடத்தில் இப்போது இருக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் கேஷ் வெளியே போகும். ராமில் இடம் போதாத நேரத்தில் செய்தால் ஓஓஎம்மும் வரும். அப்படியே விடுங்கள்.

#26 மூன்றாம்ஷிப்ட்

அரீனா மேக்ஸ் 2 போட்டதும் 2.7 ஜிபில தட்டையா நின்னுடுச்சு. மீதிக் கணக்கைத் தனி இழையில போடறேன், ஜேசிஎம்டி வெளியீட்டோட.